டௌ 2016: முதிரும் முன்பே திறந்த ஒரு விண்டேஜ் போர்ட்

போர்ட் என்பது சாராயம் சேர்த்துச் செய்யப்படும் போர்ச்சுகலின் இனிப்பு ஒயின்; அதில் சிறந்த ஓர் ஆண்டின் திராட்சையில் மட்டும் செய்யப்படுவது விண்டேஜ் போர்ட். அதைப் பதினைந்து, இருபது ஆண்டுகளாவது இருட்டறையில் கிடத்திவைத்த பிறகே திறக்க வேண்டும் என்பது இங்கிலாந்தின் பழைய வசதியான குடும்பங்களில் நிலைத்துப்போன வழக்கம். குழந்தை பிறந்த ஆண்டின் போர்ட்டை வாங்கிப் பத்திரப்படுத்தி, அது வளர்ந்து ஆளான பின் திறப்பவர்கள் இன்றும் உண்டு. அந்தப் பொறுமையை நான் மதிக்கிறேன். ஆயினும், டௌ நிறுவனத்தின் 2016ஆம் ஆண்டு விண்டேஜ் போர்ட்டைச் சுவைத்த பின், இளமையில் இந்த ஒயின் தரும் முரட்டுத்தனமான நிறைவு, முதிர்ந்த புட்டியில் ஒருபோதும் கிடைக்காத தனிச் சுவை என்றே கருதுகிறேன்.

இந்த முரட்டுத்தனத்தின் காரணம் அதன் தயாரிப்பு முறையிலேயே இருக்கிறது. வடக்குப் போர்ச்சுகலில், 1756இலேயே எல்லை வகுக்கப்பட்ட டோரோ ஆற்றுப் பள்ளத்தாக்கில், அடுக்கடுக்காகப் பிளக்கும் சிஸ்ட் பாறைச் சரிவுகளில் விளையும் திராட்சையை மிதித்து நொதிக்கவிட்டு, சர்க்கரை பாதியளவு எஞ்சியிருக்கும்போதே 77 சதவீத ஆல்கஹால் கொண்ட திராட்சைச் சாராயத்தைக் கலந்துவிடுகிறார்கள். நொதித்தல் அங்கேயே நின்று, இனிப்பு மிஞ்சி, ஆல்கஹால் ஏறக்குறைய 20 சதவீதத்தில் நிலைபெறுகிறது. நொதித்தலுக்குக் கிடைக்கும் காலம் இரண்டு மூன்று நாட்களே என்பதால், அதற்குள் தோலிலிருந்து நிறத்தையும் துவர்ப்பையும் முழுமையாகப் பிழிந்தெடுத்தாக வேண்டும். டானி வகைப் போர்ட் பல ஆண்டுகள் பீப்பாயில் கிடந்து நிறம் வெளுத்து மென்மையாகும். விண்டேஜ் போர்ட்டோ இரண்டு ஆண்டுகளை ஒட்டி மரத்தில் இருந்துவிட்டு, வடிகட்டப்படாமல் புட்டிக்குள் சென்றுவிடுகிறது. பிழிந்தெடுத்த அனைத்தும் அப்படியே உள்ளே அடைபட்டிருக்க, பல்லாண்டுகளில்தான் அவை மண்டியாகக் கீழே படிகின்றன.

பத்தாண்டுகளில் மூன்று முறை அளவிலேயே பெரிய நிறுவனங்கள் ஓர் ஆண்டை விண்டேஜ் என அறிவிக்கின்றன. 2016ஐப் பெரும்பாலான நிறுவனங்கள் அறிவித்தன. அடுத்த 2017ஐயும் அறிவித்தது வழக்கத்துக்கு மாறானது. 2016இல் குளிர்காலமும் வசந்தமும் நல்ல மழையுடன் கழிய, கோடை கடும் வெப்பத்துடனும் வறட்சியுடனும் வந்தது. செப்டம்பர் நடுவில் பெய்த மழைக்குப் பிறகு பொறுமையாகக் காத்திருந்து பறித்தவர்களுக்குப் பழம் புத்துணர்ச்சியோடு கிடைத்தது. அந்தப் புத்துணர்ச்சியை இந்தப் புட்டியில் தெளிவாக உணர முடிகிறது.

ஊற்றியவுடன் நிறம் கருமைக்கு மிக அருகில் இருக்கிறது. கோப்பையைச் சாய்த்தால் மட்டும் விளிம்பில் ஊதா தெரிகிறது. முதல் மணத்தில் சாராயத்தின் சுருக்கென்ற நெடி சற்றே முந்திக்கொள்கிறது. ஆகவே வேறொரு குடுவைக்கு மாற்றி மூன்று நான்கு மணி நேரம் காற்றாட விட்டேன். மண்டிக்காக அல்ல, இந்த நெடி அடங்குவதற்காகவே இதைச் செய்ய வேண்டியிருக்கிறது. அதன் பிறகு வயலட் பூவின் மணமும், டோரோ மலைகளில் தானாக வளரும் எஸ்டேவா புதரின் பிசின் வாசனையும், அவற்றுக்கடியில் கருப்புப் பிளம்ஸின் கனமும் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. வயலட் மணம் டூரிகா நஸியோனால் திராட்சையின் கொடை.

வாயில் வைத்ததும் இனிப்பு வருகிறது. ஆனால் அது தங்குவதற்குள், நன்றாகக் கனிந்த நாவற்பழத்தைத் தின்றதுபோல் துவர்ப்பு நாக்கையும் ஈறையும் ஒருசேரப் பற்றிக்கொள்கிறது. டௌவின் அடையாளமே இதுதான்: மற்ற நிறுவனங்களைவிடச் சற்றுக் கூடுதலாக நொதிக்கவிடுவதால் இனிப்பு குறைந்து, முடிவு வறண்டதாக அமைகிறது. டௌவின் உரிமையாளர்களான சிமிங்டன் குடும்பமே 1970இல் வாங்கிய கிரஹாம் நிறுவனத்தின் 2016ஐ அருகில் வைத்துச் சுவைத்தேன். கிரஹாம் வட்டமாக, பழச்சாறு ததும்ப, உடனே வசப்படுகிறது. முதல் முறை இளம் போர்ட் அருந்துபவருக்கு அதையே பரிந்துரைப்பேன். எனக்கோ இரண்டாவது கோப்பைக்குக் கை டௌவை நோக்கியே போனது, ஏனெனில் அதில் இனிப்பு திகட்டுவதில்லை.

குறையும் உண்டு. நடுச்சுவை இப்போது சற்று மூடிக்கிடக்கிறது. நுழைவும் முடிவும் காட்டும் தெளிவு இடையில் இல்லை. இந்த வயதில் விண்டேஜ் போர்ட்டுகள் இப்படிச் சில ஆண்டுகள் ஒடுங்கிக்கொள்வது இயல்புதான் என்றாலும், கொடுக்கும் விலைக்கு அது உறுத்தத்தான் செய்கிறது. வெப்பம் 18 டிகிரியைத் தாண்டினால் ஆல்கஹால் தொண்டையில் எரிகிறது. அறை வெப்பம் என்று ஐரோப்பியர் சொல்வது நம் ஊர் அறைக்குப் பொருந்தாது, கொஞ்ச நேரம் குளிர்பெட்டியில் வைத்தே தீர வேண்டும். விரலளவுச் சிறு கோப்பையில் ஊற்றுவதையும் தவிர்க்கவும். அதில் மணம் எழவே இடமில்லை.

துணைக்கு ஸ்டில்டன் போன்ற உப்பு மிகுந்த நீலப் பாலாடைக்கட்டி மிகச் சரியாக அமைகிறது. 70 சதவீதத்துக்கு மேற்பட்ட கோகோ கொண்ட சாக்லேட்டும் பொருந்தும். பால் இனிப்புகள் வேண்டாம். அவற்றின் அருகில் இந்த ஒயின் வெறும் கசப்பாகத் தோன்றுகிறது. கோவாவிலிருந்து போர்ட் என்ற பெயரில் வரும் மலிவான இனிப்பு ஒயினை நினைத்துக்கொண்டு இதை நெருங்குபவர்கள் பெரும் ஏமாற்றமோ பெரும் வியப்போ அடைவார்கள்.

விலையைக் கருதினால், இளமையில் சுவைக்க விரும்புபவருக்கு 375 மில்லி அரைப்புட்டியே போதும். அதுவும் அதிகம் என்று தோன்றினால், பொது அறிவிப்பு இல்லாத ஆண்டுகளில் டோரோ பள்ளத்தாக்கின் பின்யா ஊருக்கு அருகிலுள்ள டௌவின் சொந்தத் தோட்டத்தின் பெயரில் வரும் கின்டா டோ பொம்ஃபிம் விண்டேஜைத் தேடலாம். அதே வறண்ட குணம் குறைந்த விலையில், இன்னும் விரைவாக முதிரும் வடிவில் கிடைக்கிறது. திறந்த புட்டியைத் தக்கையால் மூடிக் குளிரில் வைத்தால் சில நாட்கள் தாங்கும். உண்மையில் மறுநாள் மாலையில்தான் அந்த மூடிய நடுச்சுவை கொஞ்சம் நெகிழ்ந்தது, ஆகவே முழுப் புட்டி வாங்குபவர்கள் அதை ஒரே இரவில் காலி செய்ய வேண்டாம்.