செங்குத்துக் கோடும் பரவளையமும்: எந்தக் கணக்குக்கு எந்த வழி?

கிருஷ்ணகிரியில் மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தருகிறேன். ஆயத்தொலை வடிவியல் தொடங்கியதும் வருகிற கேள்வி, ஒரு கோட்டை 90 பாகையில் வெட்டும் செங்குத்துக் கோட்டுக்குச் சாய்வு கண்டுபிடித்துப் போவதா, கெழுக்களை (எக்ஸ், ஒய் முன்னால் நிற்கும் எண்களை) இடம் மாற்றிப் போவதா என்பதுதான். கோடு சமன்பாடாகவே கையில் இருந்தால் இடம் மாற்றுங்கள், யோசிக்கவே வேண்டாம்.

3எக்ஸ் − 4ஒய் + 12 = 0 என்ற கோட்டுக்குச் செங்குத்தாக, (2, 5) வழியாக ஒரு கோடு வேண்டும். சாய்வு வழியில் போனால் முதல் சாய்வு 3/4, இரண்டு சாய்வையும் பெருக்கினால் −1 வர வேண்டும் என்பதால் அடுத்தது −4/3, அப்புறம் ஒய் − 5 = −4/3 (எக்ஸ் − 2), பிறகு இரு பக்கமும் 3ஆல் பெருக்கி, அடைப்பை விரித்து, எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டுவர வேண்டும். பிள்ளைகள் குறியைத் தவறவிடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். இடம் மாற்றினால் 4எக்ஸ் + 3ஒய் + கே = 0 என்று உடனே எழுதிவிடலாம்; ஒரு குறி மட்டும் மாறும், எந்தக் குறி என்பது பொருட்டல்ல. புள்ளியைப் போட்டால் 8 + 15 + கே = 0, அதாவது கே = −23. பின்னமே வரவில்லை.

எக்ஸ் = 7 போன்ற நெட்டுக்குத்துக் கோட்டுக்குச் சாய்வே வரையறுக்கப்படவில்லை, அதனால் −1 விதி அங்கே நின்றுவிடும், கெழு மாற்று நிற்காது. ஆனாலும் சாய்வைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. இடம் மாற்றுவது ஏன் சரி என்பதற்கு விளக்கமே அதில்தான் இருக்கிறது, அது தெரியாமல் மனப்பாடம் செய்தவர்கள் தேர்வறையில் இரண்டு குறியையும் மாற்றி வைக்கிறார்கள்.

பரவளையத்துக்கு, அதாவது ஒய் = ஏஎக்ஸ்² + பிஎக்ஸ் + சி போன்ற சமன்பாட்டின் கிண்ண வடிவ வளைவரைக்கு, இப்படி ஒரே தீர்ப்பு சொல்ல முடியாது, என்ன கொடுத்திருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். ஒகேனக்கல் தொங்குபாலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கம்பி தன் எடையில் மட்டும் தொங்கினால் அது பரவளையம் ஆகாது, ஆனால் கீழே பாதையின் சுமை சீராக இழுக்கும்போது கிட்டத்தட்ட பரவளையம் ஆகிவிடும். கணக்குக்காக, தூண்கள் 40 மீட்டர் இடைவெளியில், உச்சி 10 மீட்டர் உயரத்தில், கம்பியின் தாழ்ந்த இடம் நடுவில் 2 மீட்டரில் என்று வைத்துக்கொள்வோம். இடது தூணின் அடியை (0, 0) என்று எடுத்தால், வளைவு திரும்பும் இடமான முனை (20, 2) தெரிகிறது, அதனால் ஒய் = ஏ(எக்ஸ் − 20)² + 2. இடது தூணின் உச்சி (0, 10) போட்டால் 400ஏ = 8, ஏ = 1/50. முடிந்தது. இதையே மூன்று புள்ளிகளாக எடுத்து மூன்று சமன்பாடு எழுதித் தீர்த்தாலும் அதே விடைதான், ஆனால் பக்கம் நிறைந்துவிடும்.

எக்ஸ் அச்சை வெட்டும் புள்ளிகள் தெரிந்தால் காரணி வடிவம் போதும்: 1, 5 இரண்டிலும் வெட்டி (0, 10) வழியாகப் போனால் 5ஏ = 10, ஆகவே ஒய் = 2(எக்ஸ் − 1)(எக்ஸ் − 5).

முனையும் தெரியாது, வெட்டும் இடமும் தெரியாது என்றால் மூன்று சமன்பாடுதான் வழி. அதிலும் எக்ஸ் மதிப்புகள் 1, 2, 3 என்று ஒவ்வொன்றாக ஏறினால் வித்தியாசம் பார்ப்பது எனக்கு ரொம்பப் பிடித்த வழி: ஒய் 6, 11, 20 என்றால் வித்தியாசம் 5, 9, அவற்றின் வித்தியாசம் 4, அதில் பாதி, 2, எக்ஸ்²-இன் கெழு. 2எக்ஸ்²-ஐக் கழித்தால் 4, 3, 2 மிஞ்சும், அது −எக்ஸ் + 5. ஆக, ஒய் = 2எக்ஸ்² − எக்ஸ் + 5.

சாய்ந்து கிடக்கும் பரவளையத்துக்கு மேலே சொன்ன எதுவும் உதவாது. பன்னிரண்டாம் வகுப்பில் வரும் குவியம் (ஒரு நிலையான புள்ளி), இயக்குவரை (ஒரு நிலையான கோடு) வழிதான் அதற்கு: வளைவரையின் எந்தப் புள்ளிக்கும் இரண்டிலிருந்தும் தூரம் சமம். குவியம் (2, 5), இயக்குவரை 3எக்ஸ் − 4ஒய் + 12 = 0 என்றால் (எக்ஸ் − 2)² + (ஒய் − 5)² = (3எக்ஸ் − 4ஒய் + 12)²/25. இதன் அச்சு, அதாவது வளைவரையைச் சரிபாதியாகப் பிரிக்கும் கோடு, இயக்குவரைக்குச் செங்குத்தாகக் குவியம் வழியே போவது, அதாவது 4எக்ஸ் + 3ஒய் − 23 = 0.