ஓடு பிரிக்கும் முன் பார்க்கும் வானிலை அறிக்கை: காரைக்குடியிலிருந்து ஒரு பயன்பாட்டு அனுபவம்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் வட்டாரத்துப் பழைய வீடுகளில் ஓடு மாற்றும் வேலையைப் பல ஆண்டுகளாக எடுத்துச் செய்து வருகிறேன். வீட்டுக்காரர்கள் பெரும்பாலும் வெளியூரில் இருப்பவர்கள். பிள்ளையார் நோன்புக்கோ தை மாதத் திருமணத்துக்கோ வரும்போது வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய உள்வீட்டில், ஒழுக்கு இருக்கக் கூடாது என்று அவர்கள் விரும்புவதால், வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகையிலேயே வேலை வந்து சேர்கிறது. நாட்டு ஓட்டைப் பிரித்துவிட்டால் ஓட்டைத் தாங்கும் கைமரமும் சுண்ணாம்புப் பூச்சும் திறந்து கிடக்கும். ஒரு பக்கத்தைப் பிரித்து, உடைந்ததைக் கழித்து, மறுபடி அடுக்கி முடிக்க இரண்டு நாள் வேண்டும். ஆகவே இந்திய வானிலை ஆய்வுத் துறையின் குறுகிய கால முன்னறிவிப்பு, அதிலும் முதல் 48 மணி நேரம், எனக்கு அன்றாடத் தேவை.

தில்லியிலிருந்து நாள்தோறும் நான்கு முறை வெளியாகும் அகில இந்திய அறிக்கையில் நாடு 36 வானிலை உட்பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. தமிழ்நாடும் புதுச்சேரியும் காரைக்காலும் சேர்ந்து ஒரே உட்பிரிவு. சென்னையில் கொட்டும் மழைக்கும் செட்டிநாட்டு வெயிலுக்கும் ஒரே வரிதான் என்பதால், ஓடு பிரிக்கலாமா என்பதை அதை வைத்து முடிவு செய்ய முடியாது. ஆனால் வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி எங்கே இருக்கிறது, எந்தத் திசையில் நகர்கிறது என்பதை அங்கேதான் தெளிவாக அறியலாம். அதைப் படித்த பிறகே சென்னை மண்டல மையத்தின் மாவட்ட அறிக்கைக்குப் போகிறேன்.

அந்த அறிக்கையின் சொற்களுக்குத் திட்டமான அளவு உண்டு. "ஓரிரு இடங்களில்" என்றால் மழைமானி நிலையங்களில் 25 விழுக்காடு வரை மட்டுமே மழை பதிவாகும் என்று பொருள். "பெரும்பாலான இடங்களில்" என்றால் 75 விழுக்காட்டுக்கு மேல். கனமழை என்பது 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டர் முதல் 115.5 மில்லிமீட்டர் வரை. இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும்: "ஓரிரு இடங்களில் கனமழை" என்ற வரி நம் தெருவுக்கு உறுதியாக மழை வரும் என்று சொல்லவில்லை, ஆனால் வந்தால் முற்றம் நிரம்பும் என்று சொல்கிறது. எனக்கு இன்னும் முக்கியமானது நாள் கணக்கு. வானிலைத் துறையின் மழை நாள் காலை 8.30 மணிக்குத் தொடங்கி மறுநாள் காலை 8.30 மணிக்கு முடிகிறது. ஆகவே இன்றைய முன்னறிவிப்பில் இன்றிரவு பெய்வதும் அடங்கும். பகலில் வெயில் அடித்தது என்பதற்காக அறிக்கை பொய்த்துவிட்டது என்று எண்ணித் தார்ப்பாயை மடித்து வைத்துவிடக் கூடாது.

நம்பகத்தைப் பொறுத்தவரை, கடலில் தாழ்வு மண்டலம் உருவாகி மழை பரவலாக வரும் நாள்களில் இரண்டு நாள் முன்னறிவிப்பு எனக்கு நன்றாகவே கைகொடுக்கிறது. தாழ்வு எதுவும் இல்லாமல், பகல் வெப்பத்தில் மேகம் திரண்டு மாலையில் இடியோடு பெய்யும் நாள்களில் எந்த ஊரில் விழும் என்பதை முந்தைய நாளே சொல்வது அறிவியலுக்கே கடினம். அத்தகைய நாள்களில் அடுத்த 3 மணி நேரத்துக்கான உடனடி முன்னறிவிப்பையும் காரைக்கால் ரேடார் படத்தையும் பார்த்துக்கொள்கிறேன். அந்த ரேடார் காரைக்குடியிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர் தொலைவில் இருப்பதால், பூமியின் வளைவு காரணமாக அதன் கதிர் நம் தலைக்கு இரண்டு கிலோமீட்டருக்கும் மேலே செல்கிறது; தாழ்வான மேகத்தின் மழை அதில் மங்கலாகவே தெரியும்.

கைப்பேசியோடு வந்த ஒரு செயலி, பத்து நாள் கழித்துப் பிற்பகல் மூன்று மணிக்கு மழை என்றுகூடக் காட்டியது. அதை நம்பிச் சித்தாள்களை நிறுத்திவைத்த நாளில் வானம் வெளுத்துக் கிடந்தது. அன்று போன கூலிக்கு அந்தச் செயலி பொறுப்பேற்காது. ஐந்து நாளுக்கு அப்பால் மணிக்கணக்கில் சொல்லும் எதையும் இப்போது வேலைக்கு அடிப்படையாகக் கொள்வதில்லை.

மழையைப் பார்ப்பவர்கள் காற்று வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள் என்பது என் வருத்தம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த கஜா புயல், உள்ளே புதுக்கோட்டை வரை வந்து மரங்களைச் சாய்த்தது. தன் எடையால் மட்டுமே நிற்கும் நாட்டு ஓட்டுக்கு மழையைவிடக் காற்றே பெரிய பகை. எனவே மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்ற நிறத்தோடு நிற்காமல், அந்த எச்சரிக்கை மழைக்கா, காற்றுக்கா, இடிக்கா என்பதையும் படித்த பிறகே ஏணியைச் சாய்க்கச் சொல்கிறேன்.

துறையிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு: உள்மாவட்டங்களுக்கான அறிக்கையில், மழை பகலில் கூடுமா இரவில் கூடுமா என்பதை முடிந்த நாள்களிலாவது தனியாகச் சொல்ல வேண்டும். கூரை வேலை செய்பவர்களுக்கும், கண்மாய்ப் பாசனத்தில் நெல்லுக்கு உரமிடக் காத்திருப்பவர்களுக்கும் அந்த ஒரு வரி பெரிய உதவியாக இருக்கும்.