கார்புரேட்டர் கழுவ எது தோது: ஸ்ப்ரேயா, எலுமிச்சையா, அல்ட்ராசோனிக்கா?

காலையில் சோக் இழுத்தால்தான் ஸ்டார்ட் ஆகிறது. சோக்கை விட்டதும் வண்டி செத்துவிடுகிறது. சிவப்பு விளக்கில் ஐடல் நிற்பதில்லை, ஓட்டத்தில் மட்டும் குறையில்லை. உங்கள் மோட்டார் இப்படி இருந்தால் பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரில் அடைத்திருப்பது பெரும்பாலும் பைலட் ஜெட், அதாவது ஐடலுக்குப் பெட்ரோல் விடும் துளையுள்ள சிறு திருகு. பினாங்கின் பாயா தெருபோங் மேட்டில் முழு த்ராட்டில் கொடுத்தும் இழுக்கவில்லை என்றால் வேக ஓட்டத்துக்குப் பெட்ரோல் விடும் மெயின் ஜெட்டைப் பாருங்கள், இல்லையேல் டாங்கிலிருந்து பெட்ரோல் ஒழுங்காக இறங்குகிறதா என்று பாருங்கள். எதை ஊற்றிக் கழுவுவது என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

டாங்கில் ஊற்றினால் போதும் என்று விற்கும் மருந்துகளை நான் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. ஜப்பானின் கெய்ஹின் கம்பெனி பைலட் ஜெட்டில் 38 என்று பொறித்திருந்தால் துளை சுமார் 0.38 மில்லிமீட்டர். மாதக்கணக்கில் நின்ற வண்டியில் பெட்ரோல் ஆவியாகி, பிசின் மாதிரி ஒரு பழுப்புப் படலம் அந்தத் துளையை மூடிவிடும். மூடிய துளை வழியாக மருந்து எப்படிப் போகும்? லேசான அழுக்குக்கு வேண்டுமானால் அது உதவலாம்.

ஆகவே பிரித்தே ஆக வேண்டும். பிரித்த பிறகு என்ன செய்வது என்பதில்தான் போட்டி.

பழைய ஹோண்டா இஎக்ஸ்5 மாதிரி ஒற்றைக் கார்புரேட்டர் கப்சாய்க்கு (சின்ன மோட்டார்சைக்கிளுக்கு) என் ஓட்டு கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரேக்கு. ஒரு கேன் கிட்டத்தட்ட ஒரு தட்டு நாசி கண்டார் விலைதான். லெக் ஷீல்டை (முன்பக்கக் கால் மறைப்பை) கழற்றி, கார்புரேட்டருக்கு அடியில் இருக்கும் கிண்ணமான பவுலில் உள்ள பெட்ரோலை வடித்துவிட்டு வேலையை ஆரம்பிக்கலாம். பவுல் ஸ்குரூவில் அவசரப்படாதீர்கள். பார்க்க ஃபிலிப்ஸ் மாதிரிதான் இருக்கும், ஆனால் ஜப்பான் வண்டிகளில் இருப்பது ஜேஐஎஸ் எனும் ஜப்பானியத் தரத் தலை. சாதாரண ஸ்குரூடிரைவர் அதில் முழுசாக உட்காராமல் வழுக்கி, தலையை மழுங்கடித்துவிடும். ஜேஐஎஸ் டிரைவர் ஒன்று வாங்கிவிடுங்கள், ஸ்ப்ரேயை விட அதுதான் முக்கியம். அடுத்தது காற்று-பெட்ரோல் கலவையைச் சரிசெய்யும் ஸ்குரூ. கழற்றும் முன் உள்ளே மெதுவாகத் திருகி, எத்தனை சுற்றில் முட்டுகிறது என்று எண்ணி எழுதிவையுங்கள். எழுதாமல் கழற்றினால் அப்புறம் ஐடலுக்காக அரை நாள் போராட வேண்டியதுதான்.

ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் துளை வட்டமாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் ஊசியை எடுக்காதீர்கள். ஜெட் பித்தளை, ஊசி எஃகு. ஒரு கீறல் விழுந்தால் அளவு மாறிவிடும். பழைய மின்கம்பியைச் சீவி, ஒற்றைச் செம்பு இழையை எடுத்து நுழைத்துப் பாருங்கள். பிறகு கார்புரேட்டர் உடம்பில் உள்ள ஒவ்வொரு வழியிலும் ஸ்ப்ரே அடித்து, மறுபக்கம் பீய்ச்சுகிறதா என்று பாருங்கள். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் அடித்தால் அந்தப் பீய்ச்சல் நேராகக் கண்ணுக்குத்தான் வரும். ஸ்ப்ரேயின் பெரிய குறை ரப்பர்: ஓ-ரிங் (ரப்பர் வளையம்), டயஃப்ரம் (மெல்லிய ரப்பர் சவ்வு) எல்லாம் உப்பிவிடும். முதலிலேயே அவற்றைக் கழற்றித் தள்ளி வைத்துவிடுங்கள்.

எலுமிச்சைச் சாற்றில் கொதிக்க வைக்கும் கைவைத்தியம் வீடியோக்களில் அமர்க்களமாக இருக்கிறது. ஈரக்காற்றில் பூத்த வெள்ளைப் பொடியையும் பச்சைக் களிம்பையும் அது எடுக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் பிசின் அவ்வளவாக இளகாது. அதோடு கார்புரேட்டர் உடம்பு துத்தநாகக் கலவையோ அலுமினியமோதான்; புளிப்பு இரண்டையும் அரிக்கும். நேரம் தாண்டினால் உடம்பு கறுத்துவிடும். வீட்டு அம்மாவின் சட்டியை எடுத்தால் வேறு பஞ்சாயத்து. எனக்கு இது சரிப்படாது.

அல்ட்ராசோனிக் தொட்டி வேறு ரகம். 40 கிலோஹெர்ட்ஸ் மாதிரியான அதிர்வில் நீருக்குள் நுண்குமிழிகள் தோன்றி உடைந்து, கை போகாத வழியில் இருக்கும் படலத்தையும் பெயர்த்துவிடும். சோப்புக் கரைசலும் 50, 60 டிகிரி சூடும் போதும். பெட்ரோலை மட்டும் அதில் ஊற்றவே கூடாது, தீப்பிடிக்கும். உள்வழியில் காற்று மாட்டிக்கொண்டால் அந்த இடம் கழுவப்படாது, அதனால் நடுவில் புரட்டிப் போடுங்கள். முடிந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, காற்றடித்துக் காயவைக்க வேண்டும்.

ஒரு கப்சாய்க்காகத் தொட்டி வாங்குவது வீண். பழைய நாலு சிலிண்டர் ஹோண்டா சிபி400 வைத்திருப்பவர் கதை வேறு. நாலு கார்புரேட்டர், ஒவ்வொன்றிலும் டயஃப்ரம், நாலையும் பிணைத்த சட்டம். ரப்பரை நீங்களே கழற்றிவிட்டு, கழுவ மட்டும் தொட்டி வைத்திருக்கும் ஃபோர்மேனிடம் (மெக்கானிக்கிடம்) கொடுங்கள். கூலியும் குறையும், டயஃப்ரமும் பிழைக்கும். சட்டத்தைப் பிரிக்காமலே முடிந்தால் நல்லது. திரும்ப மாட்டியதும் உறிஞ்சும் அழுத்தத்தை அளக்கும் வேக்குவம் கேஜ் வைத்து நாலையும் சமப்படுத்தச் சொல்லுங்கள். நாலு சிலிண்டரில் இதைக் காதால் கேட்டுச் செய்ய முடியாது.

ஆன்லைனில் வரும் புது நகல் கார்புரேட்டர்? பழைய உடம்பு அரித்துப்போய் வேறு வழியே இல்லையென்றால் மட்டும். உள்ளே இருக்கும் ஜெட் உங்கள் இன்ஜினுக்குப் பொருந்தும் என்று நம்பிவிடாதீர்கள். பழைய ஜெட்டின் எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஃப்ளாட்டில் இருப்பவர்கள் இந்த வேலையைக் கீழே, திறந்த இடத்தில் வைத்துக்கொள்வது நல்லது. சாமி விளக்கு எரியும் கூடத்திலும் கேஸ் அடுப்புப் பக்கத்திலும் வேண்டவே வேண்டாம். மாட்டி முடித்ததும் பெட்ரோல் இறங்கட்டும், கொஞ்ச நேரம் ஓவர்ஃப்ளோ குழாயையே பாருங்கள். சொட்டினால், பவுல் நிறைந்ததும் பெட்ரோலை அடைக்கும் ஃப்ளோட் நீடில் வால்வில் தூசி இருக்கும், இல்லையேல் அதன் நுனி தேய்ந்திருக்கும். பவுலை மறுபடி கழற்ற வேண்டியதுதான், அதனால் லெக் ஷீல்டை அதுவரை மாட்டாதீர்கள்.