கைக்குழந்தையோடு ஹோட்டலுக்கு: இரண்டு வருடக் கணக்கு

முதல் தடவை திட்டம் போட்டுப் போகவில்லை. பத்தாவது வாரத் தடுப்பூசி போட்டுவிட்டுத் திரும்பும்போது மணி பன்னிரண்டாகிவிட்டது. காலையில் ஒரு இட்லியோடு கிளம்பியவள், பசி கண்ணைக் கட்டியது. வழியில் ஒரு கஃபே தெரிந்தது. கண்ணாடிச் சுவர், உள்ளே நாலைந்து பேர் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தார்கள். ஆட்டோவை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். ஆர்டர் கொடுத்துப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, பையனுக்கு ஊசி போட்ட தொடை வலிக்க ஆரம்பித்து வீறிட்டான். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒருவர் மட்டும் இயர்போனை எடுத்து மாட்டிக்கொண்டார். சர்வர் தம்பி வந்து, "மேடம், வேணும்னா பார்சல் பண்ணித் தரட்டுமா?" என்று ரொம்பப் பணிவாகக் கேட்டான். பார்சலை வாங்கிக்கொண்டு வந்து இன்னொரு ஆட்டோவில் வைத்துச் சாப்பிட்டேன்.

பையனுக்கு இப்போது இரண்டே கால் வயது. நாங்கள் இருப்பது சென்னையில். இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். சனி, ஞாயிறில் ஒரு வேளையாவது வெளியே சாப்பிடுவது கல்யாணமான நாள் முதல் பழக்கம். பிள்ளை பிறந்த பிறகு ரெண்டு வருஷத்துக்கு அதையெல்லாம் மறந்துடு என்றார்கள். மறக்கவில்லை. இதுவரை ஏறி இறங்கிய கடைகள் நாற்பதுக்குக் குறையாது. எந்தக் கடை, எந்த மேஜை, எத்தனை மணிக்குப் போனால் தேவலை என்று போனில் குறித்து வைத்திருக்கிறேன். அதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். வரைபடச் செயலியில் "குழந்தைகளுக்கு ஏற்றது" என்று குறி போட்ட கடைகளைத் தேடினேன். அந்தக் குறி ஐந்து வயதுப் பிள்ளையை மனதில் வைத்துப் போட்டது என்பது புரியவே இரண்டு மாதம் ஆனது. சறுக்கு மரம் இருக்கும், பந்துத் தொட்டி இருக்கும், பிறந்தநாளுக்குக் கை தட்டிப் பாட ஆள் இருப்பார்கள். நாலு மாதக் குழந்தைக்கு இதில் எதுவும் வேண்டாம். பாட்டு கண்டிப்பாக வேண்டாம், தூங்கிக்கொண்டிருந்தவனை அது இரண்டு தடவை எழுப்பியிருக்கிறது. கைக்குழந்தைக்காரிக்கு வேண்டியது முதுகுக்கு ஒரு சுவர், முகத்தில் நேராக அடிக்காத ஏ.சி., பத்து நிமிடத்தில் மேஜைக்கு வரும் சாப்பாடு, ஒரு டம்ளர் வெந்நீர். இதற்கெல்லாம் செயலியில் குறி கிடையாது.

குறியை விட்டுவிட்டுப் படங்களைப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். கடைக்காரர் போட்ட படங்கள் இல்லை, சாப்பிட வந்தவர்கள் எடுத்தவை. அவர்கள் தோசையைத்தான் எடுத்திருப்பார்கள். நமக்கு வேண்டியது தோசைக்குப் பின்னால் இருக்கும். மேஜைக்கு நாலு காலா, நடுவில் ஒற்றைக் காலா? வாசலில் எத்தனை படி? மூலையில் பேபி சேர் அடுக்கி வைத்திருக்கிறார்களா? ஏ.சி. ஹால் மாடியில் இருக்கிறது என்பதையும் படத்தில் படிக்கட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். சென்னையில் பழைய கடைகள் பலவற்றில் மாடியில்தான். ஸ்ட்ரோலரை அந்தப் படிகளில் இரண்டு முறை தூக்கிக்கொண்டு ஏறினோம். அதன்பிறகு அது பால்கனியில் துண்டு காயப்போடப் பயன்படுகிறது. நம்மூர் நடைபாதைக்கும் ஹோட்டல் படிக்கும் உடம்போடு கட்டிக்கொள்ளும் துணிக் கேரியர்தான் சரி. ஒன்பது மாதம் வரை அதுதான் கைகொடுத்தது.

போகும் முன் போன் பண்ணிக் கேட்கலாம். ஆனால் கேட்கிற விதம் ஒன்று இருக்கிறது. "குழந்தையோட வரலாமா?" என்றால் எல்லோரும் "தாராளமா வாங்க" என்பார்கள். "பேபி சேர் இருக்கா?" என்றாலும் "இருக்கு மேடம்"தான். "எத்தனை இருக்கு?" என்று கேளுங்கள். "மூணு" என்று யோசிக்காமல் பதில் வந்தால் நம்பிப் போகலாம். "இருங்க, பாத்துச் சொல்றேன்" என்றால் ஒன்றே ஒன்று இருக்கும், ஸ்டோர் ரூமில், வார் அறுந்து.

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்பதால் அவனுடைய ஹோட்டல் நான்தான். சாப்பாட்டுக் கவலை இல்லை, இடக் கவலைதான். புதிய கஃபே எல்லாம் கண்ணாடியாலேயே கட்டியிருக்கிறார்கள். துப்பட்டா இருந்தால் போதும் என்று சொல்வது சுலபம். நாலாவது மாதத்தில் இவன் துப்பட்டாவை இழுத்து எறியப் பழகிவிட்டான். ஓரிடத்தில் பால் கொடுக்க மறைவாக இடம் கேட்டதற்குக் கழிவறையைக் காட்டினார்கள். எட்டிப் பார்த்தேன், வாளியும் மாப்பும் இருந்தன. வந்து காருக்குள் உட்கார்ந்து கொடுத்தேன்.

ஆம்பூர்ப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போதுதான் இதற்கு விடை கிடைத்தது. ஒரு பழைய பிரியாணிக் கடை. வெளியிலிருந்து பார்த்தால் இறங்கவே தோன்றாது. கணவருக்குப் பசி, இறங்கினோம். கல்லாவில் இருந்த பெரியவர் என் தோளில் இருந்த குழந்தையைப் பார்த்ததும் கையை நீட்டி, "ஃபேமிலி ரூம் உள்ளே இருக்கும்மா" என்றார். பலகையால் தடுத்த சின்ன அறை, பாதிக் கதவு, அதன்மேல் ஒரு திரை. உள்ளே நாலு பேர் உட்காரும் மேஜை, தலைக்கு மேல் ஒரு ஃபேன். சர்வர் கதவைத் தட்டிவிட்டு வெளியிலேயே நின்றார், கணவர் எழுந்து போய்த் தட்டுகளை வாங்கிக்கொண்டார். அவன் பால் குடித்துக்கொண்டே தூங்கிப்போனான். நான் வலது கையால் நிதானமாகப் பிரியாணி சாப்பிட்டேன், கத்தரிக்காய் தொக்கு இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன். பிள்ளை பிறந்து நான் சூடாகச் சாப்பிட்ட முதல் ஹோட்டல் சாப்பாடு அது.

பெண்கள் ஊர்க் கண்ணில் படக் கூடாது என்று போட்ட அறைதான் அது என்று தெரியும். அந்தக் காரணம் எனக்குப் பிடித்ததில்லை, காலேஜ் நாளில் ஃபேமிலி ரூமில் உட்கார வைத்தால் சண்டை போட்டிருக்கிறேன். ஆனாலும் கைக்குழந்தைக்காரிக்கு அதைவிட நல்ல ஏற்பாட்டை எந்தப் புதுக் கடையிலும் நான் பார்க்கவில்லை. அதற்கப்புறம் வெளியூர்ப் பயணம் என்றால் முதலில் தேடியது ஃபேமிலி ரூம் பலகையைத்தான். வருத்தம் என்னவென்றால், கடையைப் புதுப்பிக்கிறவர்கள் முதலில் இடிப்பது இந்தத் தடுப்பைத்தான். நான் குறித்து வைத்திருந்த ஒரு கடையில் அடுத்த முறை போனபோது அந்த இடத்தில் ஐஸ்கிரீம் கவுண்டர் இருந்தது.

பேருந்து நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டும் அறைகளைத் தமிழக அரசு 2015இல் திறந்தது. ஹோட்டல்காரர்களுக்கு இன்னும் அப்படி ஒரு எண்ணம் வந்ததாகத் தெரியவில்லை. பெரிய மால்களில் பேபி கேர் அறை இருக்கிறது. நாங்கள் போன ஒன்றில் அது பூட்டியிருந்தது. சாவி ஹவுஸ்கீப்பிங் அக்காவிடம் இருந்தது, அக்கா இரண்டு மாடி மேலே இருந்தார். சில உணவகங்களில் டயபர் மாற்றும் மடிப்புப் பலகை உண்டு, நான் பார்த்தவரை பெண்கள் கழிவறைக்குள் மட்டும். அதனால் ஹோட்டலில் டயபர் மாற்றும் பாக்கியம் கணவருக்கு ஒரு தடவைகூடக் கிடைக்கவில்லை. இதை அவர் பெரிய மனக்குறையாகச் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை.

ஆறாவது மாதம் முடிந்து உட்கார ஆரம்பித்ததும் பிரச்சினை நாற்காலிக்கு மாறியது. பேபி சேரில் நான் முதலில் பார்ப்பது வார். இரண்டு தோளிலும் இடுப்பிலும் கால் நடுவிலும் பிடிக்கிற ஐந்து முனை வார் இருந்தால் நல்லது. இடுப்புவார் மட்டும் என்றால் இவன் வழுக்கிக்கொண்டு கீழே வந்துவிடுவான். பல கடைகளில் வார் இருந்த ஓட்டை மட்டும்தான் மிச்சம். சரி, நாமே ஒன்று வைத்துக்கொள்ளலாம் என்று மேஜை விளிம்பில் மாட்டும் இருக்கையை வாங்கினேன். இருபது மாதத்தில் அதை நான்கு முறைதான் பயன்படுத்தியிருக்கிறேன். கஃபே மேஜைகள் ஒற்றைக் காலில் நிற்பவை, இதை மாட்டினால் மேஜையே சாயும். கண்ணாடி மேஜையில் மாட்டவே கூடாது. டிபன் ஹோட்டல்களில் கிரானைட் பலகை, அந்தத் தடிமனுக்குக் கவ்வி திறக்காது. வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் அழகாக நிற்கிறது. வீட்டில்தான் ஏற்கெனவே நாற்காலி இருக்கிறதே!

உருப்படியான பொருள் என் தோழி கொடுத்த ஒரு துணி. முதுகு உள்ள எந்த நாற்காலியிலும் மாட்டி, குழந்தையை இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொள்ளலாம். மடித்தால் உள்ளங்கை அளவு, சாம்பார் பட்டால் துவைத்துக் காயப்போடலாம். பெஞ்சிலும் சோபாவிலும் மட்டும் உதவாது. இரண்டு வருடத்தில் வாங்கியவை, வந்தவை எல்லாவற்றிலும் இன்றும் என் பையில் இருப்பது அது ஒன்றுதான்.

சாப்பாட்டில் நம்மூர்க்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். ஆவியில் வெந்த, பல் இல்லாமல் மெல்லக்கூடிய இட்லி காலை ஆறு மணிக்கே தெருவுக்குத் தெரு கிடைக்கிறது. திருவல்லிக்கேணி ரத்னா கஃபேயில் இட்லி மூழ்கும் அளவுக்குச் சாம்பார் ஊற்றுவார்கள். மூழ்கியது எனக்கு, ஊற்றுவதற்கு முன் தனித்தட்டில் எடுத்து வைத்த ஒன்று அவனுக்கு. பொங்கலை நம்ப வேண்டாம். குழைவாக இருக்கிறதே என்று ஊட்டப் போனால் முழு மிளகும் முந்திரியும் வரும், முந்திரி தொண்டையில் சிக்கும் பொருள். ஒரு வயது வரை உப்பையும் சர்க்கரையையும் தள்ளி வைக்கச் சொல்லியிருந்தார்கள், தேன் கூடவே கூடாது. இதைப் பக்கத்து மேஜைப் பாட்டிகளுக்கு விளக்குவதுதான் கஷ்டம். ஜாமூன் ஜீராவில் விரலைத் தோய்த்துக்கொண்டு ஒரு பாட்டி பாதி எழுந்தேவிட்டார். "ஒரு சொட்டு நாக்குல வெச்சா ஒண்ணும் ஆவாதும்மா, நாங்கள்லாம் வளக்கலையா?" என்றார். நான் அசடு வழியச் சிரித்துக்கொண்டே குழந்தையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

பேபி சேர் இல்லாத, மாற்றும் பலகை இல்லாத, தரை எப்போதும் ஈரமாக இருக்கிற சாதாரண சைவ டிபன் ஹோட்டல்தான் என் குறிப்பில் அதிகம் இருக்கிறது. உட்கார்ந்த ஐந்து நிமிடத்தில் தட்டு வந்துவிடும். அழுதால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, அங்கே டம்ளர் சத்தமே அதைவிட அதிகம். கீழே சிந்தினால் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. ஒரு கடையில் மேஜை துடைக்கும் அம்மா, "நீ சாப்பிடு கண்ணு" என்று சொல்லி அவனை வாங்கிக்கொண்டு போய்க் கை கழுவுமிடத்துக் கண்ணாடியைக் காட்டிக்கொண்டு நின்றார். பதினைந்து நிமிடம். வேலை நேரத்தில் அவர் அப்படி நின்றதை சூப்பர்வைசர் கண்டுகொள்ளவில்லை. ஆனால் ஞாயிறு காலை எட்டரைக்குப் போகாதீர்கள். அடுத்த ஆள் நம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்பார், எந்தக் குழந்தையும் அந்த வேகத்தில் சாப்பிடாது. மதியம் என்றால் பதினொன்றரை, சாயங்காலம் என்றால் நாலு மணி. சர்வர்களே அப்போதுதான் கொஞ்சம் மூச்சு விடுவார்கள்.

பதின்மூன்றாம் மாதம் நடக்க ஆரம்பித்ததும் என் பட்டியலில் பாதி செல்லாக்காசாகிவிட்டது. மூலை மேஜை வேண்டாம், ஓட இடம் வேண்டும். வாசல் நேராகச் சாலையில் திறக்கும் கடைகளை எல்லாம் அடித்துவிட்டேன். சூடான சாம்பார் வாளியோடு சர்வர்கள் விரையும் டிபன் ஹோட்டல்களில்தான் இப்போது பயம் அதிகம், அங்கே அவனை இறக்கியே விடுவதில்லை. அதுவரை ஒதுக்கி வைத்திருந்த கஃபே பக்கம் திரும்பினோம். ராயப்பேட்டை ஆமெதிஸ்ட் மாதிரி மரமும் திறந்த இடமும் உள்ளவை. டிபன் ஹோட்டலோடு பார்த்தால் இந்த மாதிரி இடங்களில் விலை கூடத்தான், காபிக்குக் கொடுப்பது மரத்துக்கும் சேர்த்து என்று வைத்துக்கொண்டோம். ஒருவர் சாப்பிடும்போது இன்னொருவர் அவன் பின்னால் இலை பொறுக்கிக்கொண்டு நடப்போம், அப்புறம் ஆள் மாறுவோம். இருவரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டது இந்தக் காலத்தில் அபூர்வம். சாப்பிடும்போது போனைக் காட்டக் கூடாது என்று ஒரு விதி வைத்திருந்தோம். அது எத்தனை நாள் இருந்தது என்று கேட்காதீர்கள்.

போன வாரம் சித்தி பெண் போன் பண்ணினாள். அவளுக்குக் குழந்தை பிறந்து மூன்று மாதம். "அக்கா, உன் லிஸ்ட்டைக் கொஞ்சம் அனுப்பேன்" என்றாள். அனுப்பலாம் என்று திறந்தால், இரண்டு கடை மூடிவிட்டது, ஒன்றில் ஃபேமிலி ரூம் போய்விட்டது, பாதி இடங்கள் நடக்கிற பிள்ளைக்கானவை. எல்லாம் கழித்து ஆறுதான் மிஞ்சியது. அதில் முதலாவதாக இருப்பது எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் டிபன் ஹோட்டல். அதற்குக் கீழே இப்படி எழுதி அனுப்பினேன்: "பதினொன்றரைக்குப் போ. சுவரோரம் கடைசி மேஜை, ஏ.சி. காற்று அங்கே வராது. வெந்நீர் கேட்டால் டபராவில் கொண்டுவருவார்கள், ரொம்பக் கொதிக்கும், ஆற வை. அவன் உட்கார ஆரம்பித்ததும் பேபி சேர் கேள், ரெண்டு இருக்கு. பச்சைச் சேரில் வார் சரியில்லை, சிவப்பை எடுத்துக்கோ."