‘பாசில் கிரானைட்’ என்று சொல்லி சமையல் மேடைக்குக் கல் விற்கிறார்கள், ஏமாந்துவிடாதீர்கள்

வீடு கட்டுகிறவர்கள், சமையலறையை இடித்து மாற்றுகிறவர்கள் யாராவது ‘பாசில் கிரானைட்’, அதாவது பழங்கால உயிர்கள் கல்லாகிப் பதிந்திருக்கும் கிரானைட், என்ற பெயரில் ஒரு கறுப்புக் கல்லைப் பார்த்து மயங்கியிருந்தால், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். அப்படி ஒரு கிரானைட்டே உலகத்தில் கிடையாது. 62,000 ரூபாய் கொடுத்த பிறகுதான் எனக்கு இது தெரிந்தது.

அந்தக் கல்மேல் எனக்கு ஆசை வந்ததற்குக் காரணம் அப்பா. அரியலூர்ப் பக்கம் சிமென்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக் கல் வெட்டும் சுரங்கத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். நான் நாலாவது படிக்கும்போது ஒரு நாள் சாப்பாட்டுத் தூக்குக்குள் போட்டு ஒரு கல் நத்தையைக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளங்கை அகலம், ஆட்டுக்கடா கொம்பு மாதிரி சுருண்டு, விளிம்பு முழுக்க வரி வரியாக இருக்கும். அரியலூர் 7 கோடி, 10 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் கடலாக இருந்தது, அந்தக் கடலில் வாழ்ந்த, நத்தை மாதிரி சுருண்ட ஓடுள்ள அம்மோனைட் என்ற உயிர் அது என்பதெல்லாம் பின்னால்தான் தெரிந்தது. வீடு மாறும்போது அது எங்கேயோ தொலைந்துபோனது. அதனால் போன வருஷம் திருச்சிக்கு வெளியே ஒரு பெரிய கல் கடையில், கன்னங்கறுப்பு ஸ்லாப்பில் அதே மாதிரி வெள்ளை நத்தைகளும் ஊசி ஊசியாக நீளக் கூம்புகளும் பதிந்திருப்பதைப் பார்த்தபோது எனக்கு வேறு எந்தக் கல்லும் கண்ணில் படவில்லை.

கடைப் பையன் நன்றாகவே பேசினான். மொராக்கோவிலிருந்து வருகிறது, பாசில் கிரானைட், நம்ம திருவக்கரை கல்மரம் மாதிரி, கோடி வருஷம் கெடாதது இருபது வருஷத்தில் கெட்டுவிடுமா மேடம் என்றான். கூட வந்த அத்தை அந்த நத்தையைத் தொட்டுப் பார்த்து, ‘சாளக்கிராமம் மாதிரியே இருக்கே’ என்றதும் அதையும் பிடித்துக்கொண்டு, ‘அதே ஜாதிதாம்மா, மங்களம்’ என்றான். சதுர அடி 1,450 ரூபாய். நல்ல கறுப்பு கிரானைட் 250க்கே கிடைக்கும்போது இது அதிகம் என்று தெரிந்தும், 38 சதுர அடிக்கு 55,100, அப்புறம் வெட்டுக்கூலி, விளிம்பு பாலிஷ், பதிக்கும் கூலி என்று மொத்தம் 62,000 கொடுத்தோம். சமையல் மேடைக்குத்தான், தினமும் புளி, எண்ணெய் எல்லாம் படும் என்று இரண்டு தடவை சொல்லிக் கேட்டேன். ‘கிரானைட்தானே மேடம், ஒண்ணும் ஆகாது’ என்று வாட்ஸ்அப்பிலும் எழுதி அனுப்பினான். அந்த மெசேஜ் இன்னும் என்னிடம் இருக்கிறது.

கிரகப்பிரவேசம் முடிந்து நாலாவது நாள் ரசத்துக்குப் புளி கரைத்த கிண்ணத்தை மேடையில் வைத்திருந்தேன். கழுவ எடுத்தபோது கிண்ணத்தின் அடி வட்டம் அப்படியே மேடையில் இருந்தது. துடைத்தேன், போகவில்லை. சோப்புப் போட்டுத் தேய்த்தேன், போகவில்லை. பக்கவாட்டில் குனிந்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தால் அந்த வட்டத்தில் மட்டும் பளபளப்பு செத்து, சாம்பல் பூத்த மாதிரி இருக்கிறது, விரலால் தடவினால் சொரசொரவென்று தெரிகிறது. ஒரு மாதத்துக்குள் எலுமிச்சம்பழம் பிழிந்த இடம், தயிர் சிந்திய இடம், தக்காளி நறுக்கிய இடம் எல்லாம் இதே கதை. கடைக்குப் போன் பண்ணினால் சீலர் அடிக்கவில்லையா, அதனால்தான் என்று 3,500 ரூபாய் வாங்கிக்கொண்டு ஆள் அனுப்பினார்கள். சீலர் எண்ணெய்க் கறையும் மஞ்சள் கறையும் உள்ளே இறங்காமல் தடுக்கும், புளிப்பு கல்லை அரிப்பதைத் தடுக்காது. அது அவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன், எனக்கு அப்போது தெரியவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் மனசை ரொம்ப நோகவைத்தது. அடுப்பை ஒட்டி ஒரு பெரிய நத்தை இருந்தது, மேடையிலேயே அழகானது அதுதான், அதற்காகவே அந்த இடத்தில் வருகிற மாதிரி கல்லைத் திருப்பிப் போடச் சொல்லியிருந்தேன். ஒரு நாள் இறக்கிய குக்கரை அவசரத்தில் அதன்மேலேயே வைத்துவிட்டேன். எடுத்துப் பார்த்தால் நத்தையைச் சுற்றி மெல்லிய கோடு விட்டு ஓரம் தூக்கியிருக்கிறது, லேசாகப் பிளாஸ்டிக் கருகிய வாடை.

அப்பாவை வரச் சொன்னேன். சிங்க் பதிக்க மேஸ்திரி வெட்டி எடுத்த துண்டைச் செடித்தொட்டி வைக்கலாம் என்று பத்திரப்படுத்தியிருந்தேன், அதைத்தான் முதலில் கேட்டார். வெட்டுப்பட்ட பக்கத்தைத் தண்ணீரில் நனைத்து வெயிலில் பிடித்துக் காட்டினார். 20 மில்லிமீட்டர் கனத்தில், ஊசிக் கூம்புகள் ஒன்றிரண்டு கல்லுக்குள் சாய்வாக இறங்கிப் போகின்றன, அவை அசல். ஒரு நத்தை மட்டும் நாலு மில்லிமீட்டரோடு நின்றுவிட்டது, அதற்கு அடியில் நேர்க்கோடாகக் கறுப்புப் பசை. குழி தோண்டி, வேறெங்கோ உடைந்த நத்தையை வைத்து, ரெசினில் கரியைக் கலந்து ஊற்றி, மேலே பாலிஷ் போட்டிருக்கிறார்கள். அப்புறம் ஆணியால் கல்லின் பின்பக்கம் கீறினார், வெள்ளைக் கோடு விழுந்தது. பாத்ரூம் கழுவும் ஆசிட் ஒரு சொட்டு விட்டார், சோடா மாதிரி பொங்கியது. ‘இது சுண்ணாம்புக் கல் பாப்பா. நத்தை இருக்குன்னு சொன்னப்பவே எனக்கு ஒரு போன் போட்டிருந்தா சொல்லியிருப்பேனே’ என்றார்.

அவர் சொன்னது இதுதான். கிரானைட் பூமிக்கடியில் உருகிய பாறைக் குழம்பு ஆறிக் கெட்டியானது, அதற்குள் ஒரு உயிரும் இருந்திருக்க முடியாது. நத்தை, சிப்பி பதிந்த கல் என்றால் கடலடிச் சேற்றில் படிந்து இறுகிய கல், பெரும்பாலும் சுண்ணாம்புக் கல். நம் ஊர் அலமாரிகளில் போடுகிற கடப்பா கல்லும் சுண்ணாம்புக் கல்தான், அதில் புளி பட்டால் என்ன ஆகும் என்று பழைய வீடுகளில் பார்த்திருப்பீர்கள். திருவக்கரை கல்மரத்தோடு இதை ஒப்பிட்டதும் பொய்தான். அங்கே மரம் சிலிக்காவாக மாறியிருக்கிறது, அதற்குப் புளிப்பு ஒன்றும் செய்யாது.

கல் மொராக்கோவிலிருந்து வந்தது என்பதை நான் நம்புகிறேன். அங்கே எர்ஃபூத் என்ற ஊரைச் சுற்றி இந்தக் கறுப்புக் கல்லை வெட்டி எடுக்கிறார்கள். சுமார் 36 கோடி ஆண்டுக்கு முந்தைய கடலின் சேறு. அந்தக் கூம்புகளை ஆர்த்தோசெராஸ் என்று விற்கிறார்கள், கணவாய் மீனுக்குத் தூரத்துச் சொந்தம், உள்ளே அறை அறையாகத் தடுப்பு தெரியும். அசலான கல், சரியான இடத்தில் போட்டால் அவ்வளவு அழகு. சுவரில் பதிக்கலாம், டிவிக்குப் பின்னால் போடலாம், தண்ணீரும் புளிப்பும் படாத டீப்பாய் மேலே போடலாம். எனக்கு அந்தக் கல்மேல் கோபமே இல்லை. சமையல் மேடைக்கு என்று கேட்டவளுக்கு அதைக் கிரானைட் என்று விற்றவர்கள்மேல்தான் கோபம்.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் கடையில் வெட்டுத் துண்டு ஒன்று கேளுங்கள். தர மறுத்தால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். வீட்டில் பாலிஷ் பக்கத்தில் எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு விட்டுப் பத்து நிமிஷம் கழித்துத் துடையுங்கள், பளபளப்பு போயிருந்தால் அது சமையலறைக்கு ஆகாது. ஸ்லாப்பின் ஓரத்தைப் பாருங்கள், மேலே தெரிகிற உருவம் உள்ளேயும் இறங்குகிறதா என்று. ஒரே நத்தை ஒரே அளவில் அடுத்த ஸ்லாப்பிலும் இருந்தால் அச்சில் வார்த்தது. முக்கியமாக, பில்லில் கல்லின் பெயரை எழுதி வாங்குங்கள். எனக்கு முதலில் ‘எஸ்டிமேட்’ என்று ஒரு துண்டுச் சீட்டுதான் கொடுத்தார்கள், சண்டை போட்டுத்தான் ஜிஎஸ்டி பில் வாங்கினேன். அதில் ‘பாலிஷ்டு கிரானைட் ஸ்லாப்’ என்று அவர்களே எழுதியிருப்பதுதான் இப்போது எனக்கு ஆதாரம்.

கடைக்காரர் ‘நேச்சுரல் ஸ்டோன்னா அப்படித்தான் இருக்கும்’ என்று சொல்லிவிட்டார். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்தேன், அதிலும் சமரசம் ஆகவில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறேன். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, ஆனால் இரண்டு வருஷத்துக்குள் போட்டுவிட வேண்டும். தீர்ப்பு வந்ததும் எழுதுகிறேன்.

மேடைக்குச் சாதாரண கறுப்பு கிரானைட் போட்டாயிற்று. கழற்றிய கல் கார் ஷெட்டில் சாய்த்து வைத்திருக்கிறது. திருச்சிப் பக்கம் யாராவது இதே மாதிரி கல்லைப் பார்த்து வைத்திருந்தால், வெட்டுத் துண்டின் ஓரத்தை நனைத்து, வெயிலில் ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். அப்பாவிடம் காட்டிச் சொல்கிறேன்.