டெல்டா இறக்கைச் சுழல்: தண்ணீரில் பார்ப்பதா, காற்றில் பார்ப்பதா?

1977 டிசம்பரில் லண்டனிலிருந்து பஹ்ரைன் வழியாகப் சிங்கப்பூரின் பாய லேபார் விமான நிலையத்தில் வந்திறங்கிய கான்கார்ட் பயணிகள் விமானத்தின் முக்கோண (டெல்டா) இறக்கையில், தூக்குவிசையைக் கூட்டப் பின்விளிம்பில் இறக்கும் ஃபிளாப் கிடையாது. தாக்குகோணத்தை (எதிர்வரும் காற்றோடு இறக்கை அமையும் கோணத்தை) 14 பாகை வாக்கில் வைத்து, முன்விளிம்பில் சுருண்டெழும் இரண்டு சுழல்கள் தரும் கூடுதல் தூக்குவிசையை நம்பித்தான் அது இறங்கியது. கோணம் இன்னும் ஏறினால் அந்தச் சுழல் ஓரிடத்தில் திடீரென விரிந்து உடையும். அந்த உடைவைப் படம்பிடிக்க நினைக்கும் இறுதியாண்டு மாணவர்கள் முதலில் முடிவு செய்யவேண்டியது, மாதிரி இறக்கையை நீர் ஓடும் நீர்ச்சுரங்கத்தில் வைப்பதா, காற்று ஓடும் காற்றுச்சுரங்கத்தில் வைப்பதா என்பது. விடை இறக்கையின் பின்சாய்வை, அதாவது முன்விளிம்பு பின்னோக்கிச் சாயும் கோணத்தை, பொறுத்தது.

70 பாகைப் பின்சாய்வும் கூரிய விளிம்பும் என்றால் தயங்காமல் தண்ணீருக்குப் போகலாம். ஓட்டம் எங்கே பிரியும் என்பதை விளிம்பே முடிவு செய்துவிடுவதால் ரெனால்ட்ஸ் எண் (வேகத்தையும் நீளத்தையும் பெருக்கிப் பாகுநிலையால் வகுத்தது) குறைவாக இருப்பது உடைவிடத்தைப் பெரிதாக மாற்றாது. 200 மி.மீ. நாண் (இறக்கையின் முன்பின் நீளம்), விநாடிக்கு 0.1 மீட்டர் வேகம் எனக் கொள்வோம். ஓட்டம் இறக்கையைக் கடக்க 2 விநாடி ஆகும்; உடைவிடம் முன்னும் பின்னும் ஊசலாடுவதை வெறுங்கண்ணால் பார்க்கலாம், சாதாரண கேமராவே போதும். காற்றில் அதே மாதிரியை 30 மீட்டர் வேகத்தில் வைத்தால் அந்த 2 விநாடி 7 மில்லிவிநாடியாகச் சுருங்கிவிடும். குமிழி வடிவம், திருகு வடிவம் என உடைவின் இரு வகைகளையும் ஒரே இறக்கையில் காட்டிய 1960களின் புகழ்பெற்ற படமும் நீரில் சாயம் விட்டு எடுத்ததுதான்.

தண்ணீரின் தொல்லைகள் சிறியவை, ஆனால் பிடிவாதமானவை. குழாய்த் தண்ணீரை நிரப்பிய உடனே ஓட்டினால் கரைந்த காற்று குமிழியாக விளிம்பில் ஒட்டிக்கொள்ளும். ஒரு இரவு விட்டுவையுங்கள். உணவுச் சாயத்தில் சிறிது பால் கலந்தால் இழை சீக்கிரம் கலைந்துபோகாது. சாயத்தைப் பீய்ச்ச வேண்டாம், உயரத்தில் தொங்கும் புட்டியிலிருந்து தானாக வழியவிடுங்கள். வேகமாக வந்தால் அதுவே சுழலின் மையத்தைக் கெடுக்கும். இன்னொன்று: நம் ஆய்வகத் தண்ணீர் 28 பாகை செல்சியஸில் இருக்கும்போது பாடநூலின் 20 பாகை செல்சியஸுக்கான பாகுநிலையைப் போட்டால், 24,000 ஆக இருக்கவேண்டிய ரெனால்ட்ஸ் எண் 20,000 என்று வரும்.

விசையை அளக்கவேண்டுமானால் தண்ணீரை மறந்துவிடுங்கள். தூக்குக் கெழு (தூக்குவிசையை வேகமும் பரப்பும் சாராமல் சொல்லும் எண்) 1 என்றால் அந்த மாதிரியில் கிடைப்பது 0.07 நியூட்டன், ஏறத்தாழ 7 கிராம் எடை. காற்றில் 30 மீட்டர் வேகத்தில் அது 7.7 நியூட்டன், எந்தத் தராசும் தெளிவாகப் படிக்கும். ஆனால் தகடுபோல் விரித்த லேசர் ஒளியில் புகையைப் பார்க்கும்போது சுழலின் மையம் கருப்பாகத் தெரியும். சுழற்சி புகைத் துகள்களை வெளியே வீசிவிடுவதால் வருவது அது. அதை உடைவு என்று குறித்துவிடக் கூடாது.

50 பாகைப் பின்சாய்வில் கணக்கே மாறுகிறது. சுழல் பரப்பை ஒட்டிக் கிடப்பதால் எல்லைப் படலத்தோடு (பரப்பை ஒட்டி மெதுவாக நகரும் மெல்லிய ஓட்டத்தோடு) கலந்து உறவாடும்; ரெனால்ட்ஸ் எண் மாறினால் அதன் இடமும் வடிவமும் மாறும். அதே திசையில் சுழலும் இரண்டாவது சுழல் ஒன்றும் குறைந்த கோணங்களில் தோன்றும். தண்ணீரில் கண்டதை விமானத்துக்குப் பொருத்துவது இங்கே ஆபத்து. இதற்குக் காற்றுச்சுரங்கமே சரி, ஆனால் மாதிரியைச் சிறிதாக்குங்கள். 200 மி.மீ. நாணில் 70 பாகை இறக்கையின் அகலம் 146 மி.மீ., 50 பாகைக்கோ 336 மி.மீ. 450 மி.மீ. சதுரச் சுரங்கத்தில் 30 பாகைத் தாக்குகோணத்தில் முன்னது சுரங்கத்தின் குறுக்குப்பரப்பில் 3.6 சதவீதத்தை அடைக்கும், பின்னது 8.3 சதவீதத்தை. நாணை 150 ஆக்கினால் 4.7க்கு இறங்கும்.

எதில் செய்தாலும் விளிம்பின் சரிவைக் கீழ்ப்பக்கமாகச் சீவுங்கள், மேல்பரப்பு தட்டையாகவே இருக்கட்டும். முப்பரிமாண அச்சில் வந்த விளிம்பு மழுங்கலாக இருக்கும். தேய்த்துக் கூராக்காமல் ஏற்றாதீர்கள். தாங்குதண்டு பின்னாலிருந்து, சுழலின் பாதையில் படாமல் வரவேண்டும். பாதையில் எது நின்றாலும் உடைவு முன்னே நகரும். இடது, வலது உடைவிடங்கள் ஒத்துப்போகாவிட்டால் முதலில் பக்கவாட்டுக் கோணலைச் சரிபாருங்கள்: ஓட்டத்தை எதிர்கொள்ளும் பக்கத்தில் பின்சாய்வு குறைந்ததுபோல் ஆகி, அங்கே சுழல் முன்னதாகவே உடையும்.