பெரியாஸ்பத்திரிப் பக்கம் ஒரு கஞ்சிக்கடை

என் மைத்துனர் கால் எலும்பு முறிந்து மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் பதினொரு நாள்கள் படுத்திருந்தார். துணைக்கு இருந்த நான் மூன்று வேளையும் சாப்பிட்டது, பனகல் சாலையிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், பெயர்ப்பலகைகூட இல்லாத ஒரு கஞ்சிக்கடையில்தான். கடையை நடத்தும் அக்கா சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையைச் சேர்ந்தவர் என்பதைச் சுவரில் தொங்கும் பைபிள் வசனக் காலண்டரே சொல்லிவிடும். நானும் அதே சபைக்காரன்தான். ஆனாலும் வசனம் மாட்டிய கடை என்றால் எனக்குச் சற்றுத் தயக்கம் உண்டு. கல்லாவுக்கு நேர் மேலே இருபத்துமூன்றாம் சங்கீதத்தை எழுதி வைத்திருந்த ஒரு ஜவுளிக்கடையில் இரண்டு மீட்டர் துணி எடுத்து, வீட்டில் அளந்து பார்த்தபோது ஒரு சாண் குறைந்திருந்த அனுபவம் எனக்கு உண்டு.

சாப்பாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். நொய்யரிசியோடு பாசிப்பருப்பும் வெந்தயமும் பூண்டும் போட்டுக் காய்ச்சிய கஞ்சிதான் இங்கே முதன்மை. தொட்டுக்கொள்ளத் தேங்காய்த் துவையல். குழைவாக, உப்புக் குறைவாக இருப்பதால் நோயாளி தயக்கமின்றிக் குடிக்கலாம். இட்லி மென்மையாக இருக்கிறது. சாம்பார் சுமார், தேநீரில் சர்க்கரை அதிகம்.

மூன்றாம் நாள், கஞ்சி அளக்கும் எவர்சில்வர் குவளையின் அடி கீழே விழுந்து உட்புறமாக நசுங்கிவிட்டது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. வாங்குகிறவர் யாரும் கவனித்திருக்கவும் மாட்டார். புதுக் குவளை வாங்கும் வரை, இரண்டு நாள்கள், ஒவ்வொருவருக்கும் குவளையை நிரப்பி ஊற்றிய பின் ஒரு கரண்டி கஞ்சியை அக்கா தனியாக ஊற்றினார். ஏன் என்று நான் கேட்டதால்தான் நசுங்கலைக் காட்டினார். கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது என்ற நீதிமொழியைக் (11:1) கேட்டு வளர்ந்த எனக்கு, அந்த ஒரு கரண்டியைக் கண்ட பிறகுதான் ஜவுளிக்கடைக் கோபம் கொஞ்சம் தணிந்தது.

கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில் ஆவியின் கனியை, அதாவது பரிசுத்த ஆவியால் விளையும் குணங்களைச் சொல்லும் பவுல், தயவையும் நற்குணத்தையும் அடுத்தடுத்து வைக்கிறார் (5:22). இரண்டும் ஒன்றுதானே என்றே நான் நெடுநாள் எண்ணியிருந்தேன். குவளையில் கண்டது நற்குணம் என்றால், தயவைக் கண்டது உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு பாட்டியிடம். கஞ்சிக்கு இருபது ரூபாய். பாட்டி சுருக்குப்பையைக் கவிழ்த்து, சில்லறையைத் தடவித் தடவி எடுத்து நீட்டினார். இருபது அதில் இல்லை என்பது எனக்கே தெரிந்தது. அக்கா அதை எண்ணாமலே டப்பாவில் போட்டுவிட்டு, தூக்குவாளியை மூடிக் கொடுத்தார். அடுத்து நின்ற நான் இரண்டு ரூபாய் குறைவாகக் கொடுத்ததை மட்டும் எண்ணிப் பார்த்துக் கேட்டு வாங்கினார். கேட்டதில் தவறில்லை.

1834-இல் வந்த அமெரிக்க மிஷனின் காலம்தொட்டுப் பள்ளி, கல்லூரி, ஆஸ்பத்திரி என்றே கிறிஸ்தவத் தொண்டைப் பார்த்துப் பழகிய ஊர் இது. கல்வெட்டில் பெயர் பொறிக்க இடமுள்ள தொண்டைத்தான் நாம் சபையில் பேசுகிறோம். எட்டடி அகலக் கடையில் எண்ணப்படாமல் போன சில்லறையைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ஆனால் குறையும் சொல்லவேண்டும். கை கழுவும் இடத்தில் தண்ணீர் தேங்கி நாறுகிறது. அதைவிட எனக்கு உறுத்தியது, பாத்திரம் தேய்க்கும் அம்மாளிடம் அக்கா பேசும் விதம். நெற்றியில் குங்குமத்தோடு வரும் அந்த வயதான அம்மாளை, ஒரு தட்டு தாமதமானாலும் ஊர் கேட்கத் திட்டுகிறார். வாடிக்கையாளரிடம் காட்டும் பொறுமை அடுப்படிக்குள் நுழைவதில்லை. ஒருநாள் துணிந்து சொல்லியே விட்டேன். "காலையில நாலு மணிலேர்ந்து நிக்கிறேன்ணே, வாய் வந்துருது" என்றார். மறுநாளும் திட்டு விழுந்தது; சத்தம் மட்டும் சற்றுக் குறைந்திருந்தது.

போகிறவர்கள் தூக்குவாளி கொண்டு போவது நல்லது, பொட்டலத்தில் கஞ்சி ஆறிவிடும். காலை ஐந்தரைக்குத் திறக்கிறார்கள். எட்டரைக்கு மேல் இட்லி கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பன்னிரண்டு மணிக்குத்தான் கடை. ஓய்வுநாளில் துரவில் (கிணற்றில்) விழுந்த எருதைத் தூக்கிவிடலாம் என்று இயேசுவே சொல்லியிருக்க, நோயாளிகளை அரைநாள் காக்க வைக்கலாமா என்று விளையாட்டாகக் கேட்டேன். "அடுப்புல வெந்நீர் கொதிக்கவிட்டுட்டுத்தாண்ணே போறேன், பின்வாசல்ல வந்து கேளுங்க, காசு வேண்டாம்" என்றார். ஞாயிறு காலை போய்ப் பார்த்தேன். பின்வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களின் பிளாஸ்கில் வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தவர், பாத்திரம் தேய்க்கும் அந்த அம்மாள்தான்.